பிரம்பு போன பிறகு

இரவு ஒன்பது மணி. பள்ளிப்பட்டில் சில வீதிகளில் விசைத்தறிகளின் ஓசை இன்னும் அடங்கவில்லை. நாம் சாப்பாட்டை முடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து, கைப்பேசியைத் தூணோடு சாய்த்து வைத்து, நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்துக் கொள்கிறோம். வீதியோடு போன பழைய மாணாக்கன் ஒருவன் நின்றான்.

"என்ன சார், சினிமாவா?"

"இல்லையப்பா, பாடம்."

"யாருக்கு சார்?"

"வாத்தியாருக்குத்தான்!"

அவன் முகத்திலே அப்பொழுது உண்டான ஆனந்தத்தை வர்ணிக்க முடியாது. தன்னை அத்தனை வருஷம் பரீட்சை எழுதவைத்த மனிதருக்கும் இப்படி ஒரு காலம் வந்ததே என்ற திருப்தி அது.

நாம் படிக்கும் பாடத்தின் விஷயம் இதுதான்: பிள்ளைகளுக்குப் படிப்பிலே ஊக்கம் உண்டாக்குவது எப்படி? யாரும் பார்க்காத வேளையிலும் பொறுப்பாக நடந்துகொள்ளும் பழக்கத்தை வளர்ப்பது எப்படி? இருபது வருஷம் வகுப்பு நடத்தியவருக்கு இதுகூடவா தெரியாது என்று வாசகர்கள் கேட்கலாம். தெரியாது என்று ஒப்புக்கொள்வதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

சட்டத்திலிருந்து போன பிரம்பு

நம் தகப்பனார் காலத்தில் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரே விடைதான் உண்டு. அது மூன்றடி நீளமாக, மேஜையின்மேல் கிடக்கும். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் கல்வி விதிகளைத் திருத்தி, மாணாக்கரின் உடலையோ மனத்தையோ வருத்தும் தண்டனைகளை விலக்கினார்கள். பிறகு 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் நாடு முழுவதற்கும் அதையே விதியாக்கிற்று. 2010 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அந்தச் சட்டம் அமலில் இருக்கிறது.

நாம் வேலைக்கு வந்தபொழுது பிரம்பு சட்டத்திலிருந்து போயிருந்தது, அலமாரியிலிருந்து போகவில்லை. நாமும் அதை ஒருமுறை எடுத்து ஓங்கியிருக்கிறோம் என்பதை மறைப்பானேன்? பின்னர் அலமாரியிலிருந்தும் அது மறைந்தது. மிக நல்லது. ஆனால் அந்த இடத்தில் எதை வைப்பது? செய்யக்கூடாதது இன்னதென்று சட்டம் தெளிவாகச் சொல்லிற்று. செய்யவேண்டியது இன்னதென்று ஒரு சட்டத்தால் சொல்ல முடியுமா? பி.எட். படித்த காலத்தில் மனோதத்துவம் என்று ஒரு பாடம் இருந்தது உண்மை. அதை நாம் பரீட்சைக்காக உருப்போட்டோம். பரீட்சை முடிந்ததும் மறந்தோம். பிரம்பு போன இடத்தில் பலருக்கு மிஞ்சியது கூச்சலும் குத்தல் பேச்சுந்தான். அவையும் மனத்தை வருத்துவனவே அல்லவா?

திண்ணைக்கு வந்த பள்ளிக்கூடம்

பட்டணத்திலே இருப்பவர்களுக்கு மாலைக் கல்லூரி உண்டு, நூல்நிலையம் உண்டு. ஆந்திர எல்லையை ஒட்டிய நம் ஊருக்கு அந்த வசதியை இணையமே கொண்டுவந்தது. மத்திய சர்க்காரின் 'ஸ்வயம்' 2017 ஜூலை 9-ஆம் தேதி துவக்கப்பட்டது. பாடத்தைப் படமாகப் பார்க்கலாம், எழுத்தில் படிக்கலாம், தன்னைத் தானே சோதித்துக்கொள்ளலாம், சந்தேகங்களைக் கேட்கலாம். படிப்பதற்குப் பணமில்லை, பரீட்சை எழுதிச் சான்றிதழ் வேண்டுவோரே கட்டணம் கட்டவேண்டும். அதே ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி ஆசிரியர்களுக்கான 'தீக்ஷா' தளம் வந்தது. 'நிஷ்டா' என்ற ஆசிரியப் பயிற்சி 2019 ஆகஸ்டில் தொடங்கிற்று. பெருந்தொற்று பள்ளிக்கூடங்களைப் பூட்டிவிடவே, 2020 அக்டோபரிலிருந்து அதுவும் தீக்ஷா வழியே வீட்டுக்கு வந்தது.

இவையெல்லாம் பட்டங்கள் அல்ல. முதுகலைப் பட்டமே வேண்டுமென்பவர்களுக்கு, 1985-இல் ஏற்பட்ட இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கல்வியியலில் எம்.ஏ. படிப்பைத் தொலைதூர முறையில் நடத்தி வருகிறது. இணையத்தில் பட்டம் தருவதாக விளம்பரம் செய்யும் எந்த ஸ்தாபனமானாலும், அதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி உண்டா என்று பார்த்த பிறகே பணம் கட்டவேண்டும். பி.எட். பட்டமோ திண்ணையில் உட்கார்ந்தபடியே கிடைத்துவிடாது. பிள்ளைகளின் எதிரே நின்று பழகாமல் உபாத்தியாயர் ஆவது எப்படி?

மிட்டாயும் ஒரு பிரம்புதான்

பாடத்தில் நம்மைத் தூக்கிவாரிப் போட்ட ஒரு சோதனையைச் சொல்லுகிறோம். பிரம்புக்குப் பதிலாக நாம் பரிசை நம்பியிருந்தோம். ஒழுங்காக இருந்தால் பேனா, வீட்டுப் பாடம் எழுதினால் மிட்டாய். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். படம் வரைவதில் ஆசையுள்ள சின்னஞ்சிறு குழந்தைகளில் சிலரிடம், "வரைந்தால் பரிசுப் பத்திரம் தருவோம்" என்று முன்னாலேயே சொல்லிக் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்த பின் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. சில நாள் சென்று, பரிசுப் பேச்சே இல்லாமல் எல்லாரையும் இஷ்டம்போல் விளையாட விட்டார்கள். பரிசுக்காக வரைந்த குழந்தைகள், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதி நேரந்தான் வரைந்தார்கள்! விளையாட்டாக இருந்தது வேலையாகிவிட்டது. கூலி நின்றதும் வேலையும் குறைந்தது.

டெசி, ரயன் என்ற இருவர் இதை மேலும் ஆராய்ந்து, மனிதனுக்கு ஊக்கம் உள்ளிருந்து வர மூன்று வேண்டும் என்கிறார்கள். இதை நானாகச் செய்கிறேன் என்ற எண்ணம். என்னால் முடியும் என்ற தெம்பு. நான் இவர்களுடையவன் என்ற பந்தம். கூனின் என்பவர் பல வகுப்புக்களை ஆராய்ந்து 1970-இல் எழுதிய நூலின் சாரம் இன்னும் சுவையானது. குறும்பு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லையாம். வகுப்பின் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்று அறிந்திருப்பதும், பிள்ளைகளைச் சும்மா காக்கவைக்காமல் பாடத்தை நடத்திச் செல்வதுமே ஒழுங்கைக் காக்கின்றனவாம்.

தார் சுற்றிய பையன்

படித்ததை நாம் நடத்திப் பார்த்தோம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் முதல் மணிக்கு எப்பொழுதும் அரைமணி தாமதம். வழக்கப்படி வெளியே நிறுத்தினோம். முதல் மணி கணக்கு. வெளியே நின்றதால் கணக்கு புரியவில்லை. புரியாததால் வரப் பிடிக்கவில்லை. பிடிக்காததால் மேலும் தாமதம். இந்தச் சுழலை நாமே சுற்றிவிட்டுக்கொண்டிருந்தோம் என்பது பாடத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது.

ஒரு நாள் மாலை அவனைத் தனியாக உட்காரவைத்து, "காலையில் வீட்டில் என்னப்பா வேலை?" என்று கேட்டோம். தெலுங்கிலே தொடங்கித் தமிழிலே முடித்தான். தாயாருக்கு உடம்பு சரியில்லை. தகப்பனார் தறியில் உட்காருமுன் இவன் தார் சுற்றிக் கொடுக்க வேண்டும்.

"நீயே சொல்லு, என்ன செய்யலாம்?"

வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "ராத்திரியே பாதி சுத்தி வெச்சிடறேன் சார்" என்றான்.

அடுத்த வாரம் மூன்று நாள் மணிக்கு முன்னால் வந்தான். இரண்டு நாள் வரவில்லை. அவன் ஒரே மாதத்தில் உத்தம மாணாக்கனாகிவிட்டான் என்று கதை கட்டமாட்டோம். ஆனால் தாமதமான நாட்களில், யாரும் சொல்லாமலே பக்கத்துப் பையனின் நோட்டை வாங்கி விட்டுப்போன கணக்கைப் போடத் தொடங்கினான். பொறுப்பு என்பது இதுதானே? வேறொரு பையனிடம் நம் வித்தை ஒன்றும் பலிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முயற்சி நடந்துகொண்டிருக்கிறது.

நடுங்கிய கை

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று சிலர் நினைக்கலாம். 1910-இல் ஜோஹானஸ்பர்க் நகருக்கு அருகே காந்திஜி டால்ஸ்டாய் பண்ணையை நிறுவினார். அங்கே தமிழ்க் குழந்தைகளும் இருந்தார்கள். கப்பலிலும் சிறையிலும் கற்ற அரைகுறைத் தமிழைக் கொண்டு அவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். அடங்காத ஒரு பதினேழு வயதுப் பையனை ஒருநாள் பொறுக்க முடியாமல் கோலால் அடித்துவிட்டார். அடித்த கை நடுங்கிற்று. திருப்பி அடிக்கும் பலமுள்ள பையன் அழுது மன்னிப்புக் கேட்டான். வலியினால் அல்ல, அடித்தவரின் வேதனையைக் கண்டு. அதன்பின் அவன் கீழ்ப்படியத் தவறியதில்லை என்று காந்திஜி தம் சுயசரிதையில் எழுதுகிறார். ஆயினும் அடித்ததற்காக வருந்தினார். அடி பலித்தது, பலித்த பிறகும் அது தவறு என்று உணர்ந்தார். ஓங்கிய நம் கை நடுங்கவில்லையே என்பதுதான் இன்றுவரை நமக்குள்ள வருத்தம்.

உபாத்தியாயரும் மாணாக்கரே

இனி நம்மவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாடத்தின் படம் ஒருபுறம் ஓட, மறுபுறம் பத்திரிகை படித்துக்கொண்டிருந்துவிட்டுச் சான்றிதழை மட்டும் இறக்கிக்கொள்ளும் ஆசிரியர்களும் உண்டு. உயர்படிப்புப் படித்தால் ஊதிய உயர்வு என்ற முறை நெடுங்காலம் இருந்தது. 2020-இல் தமிழக அரசு அதை நிறுத்தியது. "இனி எதற்குப் படிப்பது?" என்று பலர் கேட்டார்கள். உழைப்புக்கு ஊதியம் கேட்பது நியாயந்தான். ஆனால் பரிசு நின்றதும் படம் வரைவதைக் குறைத்துக்கொண்ட குழந்தைகளின் ஞாபகம் நமக்கு வராமலில்லை. உள்ளிருந்து வரும் ஊக்கத்தைப் பற்றிய பாடத்தைச் சான்றிதழுக்காகப் படித்தால், அதைவிட வேடிக்கை வேறு உண்டா?

பெற்றோர்களுக்கும் இதில் பங்கு உண்டு. "தொண்ணூறு வாங்கினால் சைக்கிள்" என்று சொல்லுமுன், இன்று பள்ளிக்கூடத்தில் என்ன புரிந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தாமதத்துக்கும் பொய்க்கும் தண்டனையை யோசிக்குமுன் காரணத்தைக் கேளுங்கள். பரிகாரத்தைப் பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள்.

நம் ஊருக்கு அருகேயுள்ள திருத்தணியில் 1888 செப்டம்பர் 5-ஆம் தேதி பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் பிறந்தநாளை 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். அன்று பிள்ளைகள் பூங்கொத்துக் கொடுக்கிறார்கள். சென்ற முறை அந்தத் தார் சுற்றும் பையன் பூ ஒன்றும் கொண்டுவரவில்லை. முதல் மணி அடிக்குமுன் வந்து, தன் இடத்தில் உட்கார்ந்து, கணக்கு நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தான். நமக்கு அது போதும்.