விமானத்துக்கு நிறம் தீட்டும் முன்

கடையில் வாங்கிய ஸ்ப்ரே பெயிண்டை, மாதிரி விமானம் செய்யும் ஃபோம் போர்டில் நேராக அடித்தால், வெட்டிய விளிம்புகள் சில நொடிகளிலேயே குழிந்து உள்வாங்கத் தொடங்கும். சூடு எதுவும் இல்லை. பெயிண்டில் கலந்திருக்கும் கரைப்பான் செய்கிற வேலை அது.

போர்டின் நடுவில் இருப்பது தெர்மாகோலின் இனத்தைச் சேர்ந்த பாலிஸ்டைரின் நுரை. அசிட்டோன், டொலுவீன் போன்றவை அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கிடையே புகுந்து பிடியைத் தளர்த்திவிடும். நுரையில் பெரும்பகுதி காற்றுதான். நுரையின் நுண்ணறைச் சுவர்கள் இளகியதும் காற்று வெளியேறி, பிசுபிசுப்பான கொஞ்சம் பிளாஸ்டிக் மட்டும் மிஞ்சும். மேலே ஒட்டிய காகிதம் ஓரளவே காக்கும். அதில் நுண்துளைகள் ஏராளம்.

தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பெயிண்ட் நுரையை ஒன்றும் செய்யாது. ஆனால் காகிதத்துக்கு அது ஆகாது. செல்லுலோஸ் இழைகள் நீரை உறிஞ்சியதும் குறுக்குவாட்டில் பருக்கும். ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் அந்தப் பக்கம் விரிந்து, போர்டு வில்லாக வளையும். ஒட்டிய பசையும் ஊறிவிட்டால் காகிதம் கொப்புளிக்கும்.

இந்த இரட்டைச் சிக்கலுக்கு அமெரிக்காவின் மாதிரி விமான ஆர்வலர்கள் நல்ல வழி கண்டிருக்கிறார்கள். ஓஹியோவின் ஃபிளைட் டெஸ்ட் குழு, டாலர் ட்ரீ கடைகளின் மலிவான போர்டிலேயே ரிமோட்டில் பறக்கும் விமானங்களை வடிவமைத்துப் பரப்பியது. அந்த ஆர்வலர்களில் பலர் நாடுவது மின்வாக்ஸ் பாலிகிரிலிக் என்ற, மரச்சாமான்களுக்கான நீர் அடிப்படையிலான வார்னிஷ். நீர் ஆவியாகும்போது அதிலுள்ள பாலிமர் துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று இணைந்து படலமாகும். அதிலும் நீர் இருப்பதால் மெல்லிய பூச்சாக, இரு பக்கமும் பூச வேண்டும். ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. நுரை வெளியே தெரியும் விளிம்புகளுக்குத் தனிக் கவனம் தேவை. பெரும்பாலான சேதம் அங்குதான் தொடங்குகிறது.

கூடுதலாகப் பூசினால் கூடுதல் பாதுகாப்பு என்பது விமானத்துக்குப் பொருந்தாது. 20 அங்குலத்துக்கு 30 அங்குல டாலர் ட்ரீ போர்டின் எடை நூறு கிராமைச் சற்றே தாண்டும். அதன் இரு பக்கமும் 25 மைக்ரான் படலம் படிந்தாலே ஏறத்தாழ 20 கிராம் ஏறிவிடும்!

படலம் முழுதாக இறுகிய பிறகு, ஸ்ப்ரேயைத் தள்ளிப் பிடித்து, பனி படிவதுபோல் அடிக்கலாம். முதலில் கழிவுத் துண்டொன்றில், விளிம்பையும் சேர்த்துச் சோதித்துவிடுங்கள். திறந்த வெளியில் அடியுங்கள். துணி முகமூடி கரைப்பான் ஆவியைத் தடுக்காது.