நண்டுத் தாய் சாகிறாளா?

வாழை குலை தள்ளினால் சாயும். மூங்கில் பூத்தால் பட்டுப்போகும். நண்டு குஞ்சு பொரித்தால் தாய் மடியும். இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்வது நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம். வாழையின் கதை உண்மை. மூங்கிலின் கதையும் உண்மை. நண்டின் கதை உண்மைதானா?

விடை தேடக் கள்ளக்குறிச்சிப் பக்கம் போவோம், வாருங்கள். கல்வராயன் மலையில் மழை பெய்து, கோமுகியிலும் மணிமுத்தாற்றிலும் தண்ணீர் வந்து, கழனிகளில் நடவு நடக்கும் சமயம். வரப்பு நெடுக வளைகள். ஒரு வளையின் வாயிலில் ஒரு வயல் நண்டு வந்து நிற்கிறது. அதைப் பக்குவமாகப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். வயிற்றுப் புறத்தில் அகன்ற மடல் ஒன்று தெரிந்தால் அவள் பெண். ஆணுக்கு அந்த மடல் குறுகலாக இருக்கும். அந்த மடலுக்குள்ளே சிறு சிறு நண்டுகள் ஒட்டிக்கொண்டு நெளிகின்றன!

வயல் நண்டு சில நூறு முட்டைகள்தான் இடும். ஆனால் ஒவ்வொன்றும் பெரிய முட்டை. குஞ்சுக்கு வேண்டிய ஆகாரம் முழுதும் அதற்குள்ளேயே இருக்கிறது. முட்டையிலிருந்து வெளிவரும்போதே குஞ்சு நண்டின் உருவத்தோடுதான் வருகிறது. பிறகும் சில காலம் தாய் அதை மடியிலேயே சுமக்கிறாள். அப்புறம் குஞ்சுகள் தம் வழியே போகின்றன. தாய் தன் வளைக்குத் திரும்புகிறாள். சாகவில்லை!

பின்னே அந்த நம்பிக்கை எப்படி வந்தது? குஞ்சுகள் மடியில் மொய்ப்பதைக் கண்டவர்கள், அவை தாயின் வயிற்றைப் பிளந்து வந்தன என்று எண்ணியிருக்கலாம். இன்னொரு காரணமும் தோன்றுகிறது. நண்டு வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றியாக வேண்டும். கழற்றிப் போட்ட ஓடு, கால்கள் உட்பட, செத்த நண்டு போலவே கிடக்கும்.

வயல் நண்டு பிழைத்தது சரி. கடல் நண்டு?

அதற்கு ஆற்றோடு கீழே இறங்க வேண்டும். கல்வராயன் மலைத் தண்ணீர் விருத்தாசலம் வழியாகப் போய் வெள்ளாற்றோடு கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டமாகிவிட்டது. ஆனால் ஒரு காலத்தில் மலையும் முகத்துவாரமும் ஒரே தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்தவைதாம். அந்த முகத்துவாரக் கரையில் இருக்கிறது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு நிலையம். நண்டுகளும் இறால்களும் எப்படிப் பிறந்து எப்படி வளர்கின்றன என்பதை அங்கே பல தலைமுறை மாணவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

அந்தக் கழிமுகச் சேற்றில் வாழும் பெரிய சேற்று நண்டின் வாழ்க்கையைக் கேளுங்கள்.

பெண் நண்டு ஓடு கழற்றும் நாள் நெருங்கும்போதே ஆண் நண்டு அவளைத் தேடி வந்துவிடும். அவளைத் தன் உடலின் கீழே அணைத்துக்கொண்டு சில நாட்கள் திரியும். அவள் ஓட்டைக் கழற்றி, உடல் மெத்தென்று இருக்கும் வேளையில்தான் கல்யாணம். புது ஓடு இறுகும் வரையில் ஆண் காவல் நிற்கும். அப்புறம் அவள் தனியே கடலை நோக்கிப் புறப்படுகிறாள். ஆணிடம் பெற்ற விந்தைத் தன்னுள் பத்திரமாகச் சேமித்து வைத்திருக்கிறாள். அந்த ஒரே சேமிப்பைக் கொண்டு இரண்டு மூன்று தடவை கூட முட்டையிட அவளால் முடியும். ஆகவே, ஒரு பிரசவத்தோடு அவள் கதை முடிவதில்லை!

ஒரு தடவைக்குப் பத்து லட்சத்துக்கு மேல் முட்டைகள். பெரிய நண்டானால் பல பத்து லட்சம். எல்லாவற்றையும் மடலின் கீழே கொத்தாகச் சுமக்கிறாள். முதலில் ஆரஞ்சு நிறம். நாளடைவில் கறுக்கிறது, உள்ளே குஞ்சுகளுக்குக் கண் வந்துவிட்டது என்று அர்த்தம்.

வெளிவரும் குஞ்சைப் பார்த்தால் நண்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நெற்றியிலும் முதுகிலும் நீண்ட முள், பெரிய கண்கள், மெல்லிய வால். நீளம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஸோயியா என்பது இதன் பெயர். முற்காலத்துப் பண்டிதர்கள் இதை வேறொரு பிராணி என்றே பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அயர்லாந்தில் கார்க் துறைமுகத்தில் இருந்த ஜான் வாகன் தாம்சன் என்ற ராணுவ வைத்தியர்தான், இது நண்டின் குழந்தை என்று 1820-களில் கண்டுபிடித்தார். பலர் நம்ப மறுத்தார்கள். ஐரோப்பிய ஆறுகளில் வாழும் நண்டின் உறவினமான ஒரு பிராணி, நம் வயல் நண்டைப் போலத் தாயின் உருவிலேயே பிறப்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நன்னீரின் வழக்கம் வேறு, கடலின் வழக்கம் வேறு என்பது புரியப் பல வருஷங்கள் ஆயின.

சேற்று நண்டின் ஸோயியா ஐந்து பருவங்களைக் கடக்கிறது. பிறகு கொடுக்கு முளைத்து, வால் மட்டும் நீண்டிருக்கும் மெகலோபா ஆகிறது. அதன் பின்னரே குட்டி நண்டு. ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அந்த மாதத்தில் மீன்கள் தின்பது போக, அலை அடித்துப் போவது போக, மிஞ்சுகிறவை மிகச் சொற்பம். லட்சக்கணக்கில் முட்டையிடுவது ஏன் என்று இப்போது தெரிகிறதல்லவா? மிஞ்சிய குட்டிகள் கழிமுகத்துக்குத் திரும்புகின்றன. மலையிலிருந்து வரும் நல்ல தண்ணீர் கடல் நீரோடு கலக்கும் அந்த இடந்தான் அவற்றின் வளர்ப்பு வீடு.

ஆய்வுக்கூடத்தில் இக்குஞ்சுகளை வளர்ப்பது லேசான வேலையா? கண்ணாடிப் பாத்திரத்தில் கடல் நீரை மாற்றி, கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களை ஊட்டி, கழற்றிய ஒவ்வொரு தோலையும் பொறுக்கி, பூதக்கண்ணாடியில் வைத்து முள் முள்ளாக எண்ணிப் படம் வரைய வேண்டும். இப்படி உலகெங்கும் சேர்ந்த அறிவின் பலனாகத்தான் இன்று சீர்காழிப் பக்கத்துத் தொடுவாயில், பொரிப்பகத்திலேயே சேற்று நண்டுக் குஞ்சுகளை உண்டாக்க முடிகிறது. அங்கேயும் நூற்றுக்குச் சில குஞ்சுகளே தேறுகின்றன.

ஆக, பிள்ளை பெறுவதால் நண்டுத் தாய் சாவதில்லை. அப்படியானால் அவள் எங்கே சாகிறாள்? நம் அடுப்பில்! சினை நண்டுக்கு ருசி அதிகம் என்று கேட்டு வாங்குகிறவர்கள் நாம்தானே? கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கிறது. ஆனால் நண்டு சினை பிடிப்பது அந்த இரண்டு மாதத்தில் மட்டுமல்லவே!

அடுத்த முறை மீன் கடைக்குப் போகும்போது நண்டைத் திருப்பிப் பாருங்கள். அகன்ற மடலின் கீழே முட்டைக் கொத்து தெரிந்தால், "இது வேண்டாம் அம்மா, வேறே கொடுங்கள்" என்று சொல்லுங்கள். கேட்கிறவர்கள் குறைந்தால் பிடிக்கிறவர்களும் அவளைக் கடலிலேயே விட்டுவிடுவார்கள். சைவ வீட்டுச் சகோதரிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பங்கு நண்டுகள் ஏற்கனவே கடலில் சௌக்கியமாக இருக்கின்றன!