கீமோவுடன் இன்னொரு மருந்து எதற்கு?

விழுப்புரத்தில் இருக்கும் என் ஓரகத்திக்கு மார்பகப் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே எலும்புக்குப் பரவியிருந்தது. கீமோதெரபியோடு டிராஸ்டுசுமாப் என்ற மருந்தையும் சேர்த்து ஏற்றலாம் என்றார் டாக்டர். "முற்றின வியாதிக்கு எதுக்கு இன்னொரு மருந்து? வீண் செலவு" என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். திண்டிவனத்தில் இருக்கும் எனக்குப் போன் செய்து, "அக்கா, இவ்வளவு செலவு வைக்கலாமா நான்?" என்று கேட்டாள் அவள். அவளுக்குப் பதில் சொல்வதற்காக நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டது, சகோதரிகளே, உங்களுக்கும் உதவும்.

யாருக்குப் பலன்?

கீமோ மருந்து, வேகமாகப் பெருகும் செல்களையெல்லாம் தாக்கும். நல்லது கெட்டது பார்க்காது. முடி கொட்டுவதும் வாய்ப்புண் வருவதும் அதனால்தான். டிராஸ்டுசுமாப் அப்படியல்ல. சிலருடைய புற்றுநோய்ச் செல்களின் மேல் ஹெர்-2 என்ற புரதம் அளவுக்கு மீறி இருக்கும். 'வளரு, வளரு' என்று செல்லைத் தூண்டுவது அதுதான். இந்த மருந்து அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு தடுக்கிறது.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் ஹெர்-2 மிகுதி. மற்றவர்களுக்கு இந்த மருந்தை ஏற்றுவதில்லை. கட்டியிலிருந்து எடுத்த சதையைப் பரிசோதித்தால் தெரியும். ரிப்போர்ட்டில் 3 பிளஸ் என்றால் உண்டு; 2 பிளஸ் என்றால் இன்னொரு பரிசோதனை தேவை. என் ஓரகத்திக்கு 3 பிளஸ். அதைப் பார்த்த பிறகுதான் பெரியவர்கள் சம்மதித்தார்கள்.

எவ்வளவு பலன்?

அமெரிக்க டாக்டர் டென்னிஸ் ஸ்லேமன் குழுவினர், நோய் பரவிய 469 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2001-ல் வெளியானது. கீமோ மட்டும் பெற்றவர்களில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 100-க்கு 33 பேர். இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 22 பேர். பரவிய நோயை இது அடியோடு போக்கிவிடும் என்று நம்பக் கூடாது. ஆனால் வாழ்நாளை நீட்டிக்கும். சின்னக் குழந்தைகள் உள்ள தாய்க்கு ஒவ்வொரு மாதமும் பெரிதல்லவா!

கவனிக்க வேண்டியவை

* பெரும்பாலும் 3 வாரத்துக்கு ஒரு முறை ஏற்றுவார்கள். முதல் தடவை குளிரும் காய்ச்சலும் வரலாம்.
* இருதயத்தின் வேகம் குறையலாம் என்று எண்ண வேண்டாம். அது ரத்தத்தை இறைக்கும் சக்திதான் சிலருக்குக் குறையும். ஆகவே ஆரம்பத்திலும், பிறகு 3 மாதத்துக்கு ஒரு முறையும் எக்கோ எடுப்பார்கள். மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ உடனே சொல்லுங்கள்.
* கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ டாக்டரிடம் மறைக்காதீர்கள்.
* செலவுக்குப் பயந்து நின்றுவிட வேண்டாம். 2014-ல் பயோகான் நிறுவனம் நம் நாட்டிலேயே இதைத் தயாரித்து விற்கத் தொடங்கியது. பிறகு வேறு நிறுவனங்களும் வந்தன. முதலமைச்சர் காப்பீட்டில் கிடைக்குமா என்று ஆஸ்பத்திரியிலேயே விசாரியுங்கள்.
* நம் பக்கத்தவர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் கிட்டத்தில் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறினால் கோரிமேட்டில் இறங்கலாம். சென்னை என்றால், 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது.

இதே மருந்தை நோய் பரவுவதற்கு முன்பே கொடுத்தால், அது திரும்பி வராமல் தடுக்கவும் உதவுகிறது. ஆகவே மார்பில் வலியில்லாத கட்டி தட்டுப்பட்டாலும் வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள். புற்றுநோய் என்று தெரிந்தால், "ஹெர்-2 பார்த்தாச்சா டாக்டர்?" என்று தைரியமாகக் கேளுங்கள்.