பிசினும் என்பும்: புராதன சூழற்றொகுதியொன்றின் இரு சாட்சிகள்

இலக்கிய வரலாற்றை ஆராய்வோர் நன்கறிந்த உண்மையொன்றுண்டு. எஞ்சியிருப்பவை முழுமையான சான்றுகளல்ல. எவை எஞ்சின என்பதற்கும் காரணங்கள் உள. அரசவைப் பாடல் ஏட்டில் நிலைத்தது; ஏற்றமிறைத்தவனின் பாடல் பெரும்பாலும் காற்றோடு போயிற்று. பூமியின் ஆதி உயிர்களைப் பற்றிய அறிவும் இதற்கு விலக்கன்று என்பதையே இங்கு விளக்க முற்படுகின்றோம்.

டைனோசர்களைப் பற்றிய எமது அறிவு பெரும்பாலும் என்புகளிலிருந்து பெறப்பட்டது. சேற்றிலும் மணலிலும் விரைந்து புதையுண்ட என்பும் பல்லுமே கல்லாகி நிலைத்தன. என்பு விலங்கின் பருமனையும் நடையையும் வளர்ச்சியையும் உணர்த்தும். பல் உணவினை உணர்த்தும். ஆயின் இறகு, நிறம், உடலில் ஒட்டி வாழ்ந்த சிற்றுயிர் ஆகியவற்றை அவை அரிதாகவே உணர்த்தும். பருத்தனவும் வன்மையானவையுமே இச்சான்றில் மிகுந்துள்ளன.

இக்குறையை ஓரளவு நிவர்த்திப்பது அம்பர். மரத்தின் காயத்திற் கசிந்த பிசின், தன்னிற் சிக்கிய பூச்சியையும் மகரந்தத்தையும் மூடி, மண்ணுட் புதைந்து, ஆவியாகும் கூறுகளை இழந்து இறுகியதே அம்பராகும். மியான்மாரின் கச்சின் மாநிலத்து ஹூகாவுங் பள்ளத்தாக்கின் அம்பர் ஏறத்தாழ 9 கோடியே 90 இலட்சம் ஆண்டுகள் பழைமையானது. அதனைக் கொண்ட பாறையின் சேர்க்கோன் மணிகளில் யுரேனியம் ஈயமாக மாறிய அளவைக் கொண்டு 2012 இல் இவ்வயது கணிக்கப்பட்டது.

இவ்வம்பர் புலப்படுத்தியவை பல. மியிச்சினா நகரச் சந்தையில் 2015 இல் வாங்கப்பட்ட துண்டொன்றில், சிறு டைனோசரொன்றின் இறகு மூடிய வாற்பகுதி இருந்தது; விற்றோர் அதனைத் தாவரமென்றே கருதியிருந்தனர். சீன ஆய்வாளர் சிங் லிடாவும் பிறரும் 2016 இல் அதனை விவரித்தனர். வாலின் மேற்புறம் கபிலம், கீழ்ப்புறம் வெளிறியது. இறகொன்றைப் பற்றிய நிலையில் உண்ணியொன்று 2017 இலும், சைக்கசு மகரந்தத்துடன் வண்டொன்று 2018 இலும், கடல்வாழ் அமோனைற்றின் ஓடொன்று 2019 இலும் அறிவிக்கப்பட்டன. ஒட்டுண்ணி வாழ்வு, மகரந்தச் சேர்க்கை, காட்டின் கரையோர அமைவு என்பன இவற்றால் துலங்கின. என்பு தனித்த விலங்கைத் தந்தது; அம்பர் உயிர்களிடையே நிலவிய உறவுகளைத் தந்தது.

ஆயினும் அம்பரும் பக்கச்சார்பற்ற சாட்சியன்று. பிசினில் அகப்படக்கூடிய சிறியனவே அதில் எஞ்சும். மேலும், 2020 மார்ச்சில் மிகச்சிறிய பறவையின டைனோசரென அறிவிக்கப்பட்ட மண்டையோட்டினைப் பற்றிய கட்டுரை அதே ஆண்டு ஜூலையில் மீளப்பெறப்பட்டது. அது பல்லியினத்தது எனப் பின்னர் நிறுவப்பட்டது. ஆகவே இரு சான்றுகளையும் ஒன்றையொன்று கொண்டு சோதித்தல் அவசியமாகும்.

இவ்வறிவின் பொருளாதார அடித்தளத்தையும் நாம் மறத்தலாகாது. ஒடுங்கிய குழிகளில் இறங்கி அம்பரை அகழ்வோர் வறிய தொழிலாளர். 2017 இல் இராணுவம் அச்சுரங்கப் பிரதேசத்தைக் கைப்பற்றியபோது ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். அதன்பின் பெறப்பட்ட அம்பரைப் பற்றிய ஆய்வுகளை வெளியிடாதிருக்குமாறு முள்ளந்தண்டுளித் தொல்லுயிரியற் சங்கம் 2020 இல் ஆய்விதழ்களைக் கோரிற்று. சந்தைக்கு வந்த பண்டம் தன்னை அகழ்ந்த கைகளை மறைத்து நிற்கின்றது. பண்டைய உயிர்களின் உறவுகளை அம்பரில் தேடும் விஞ்ஞானம், அவ்வம்பரை ஈட்டித்தரும் மனித உறவுகளையும் தன் விசாரணைக்குட்படுத்துதல் வேண்டும்.