மீன்தொட்டிக்கு ஒரு சிறு கெளுத்தி: வாங்கும் முன் சிந்திப்போம்

இடம்பெயர்ந்து வாடகை வீட்டிலோ உறவினர் வீட்டிலோ தங்கியிருக்கும்போது ஆடு, மாடு வளர்க்க இடமிருப்பதில்லை. ஆனால் ஒரு கண்ணாடித் தொட்டிக்கு மூலையொன்று போதும். சில நீர்ச்செடிகள், நாலைந்து மீன்கள் இருந்தால் பிள்ளைகளுக்கும் மகிழ்ச்சி, பெரியவர்களுக்கும் ஆறுதல். சில வாரங்களில் கண்ணாடியிலும் இலைகளிலும் பச்சைப் பாசி படர்கிறது. கடைக்காரரிடம் கேட்டால், “ஒரு டாங்க் கிளீனர் போடுங்கோ” என்று விரல் நீளக் கறுப்பு மீனொன்றைத் தருகிறார்.

அந்த மீன் எது என்று கேட்காமல் வாங்குவதில்தான் தொல்லை தொடங்குகிறது.

இரண்டும் ஒன்றல்ல

இவை பிளெக்கோ எனப்படும் தென்னமெரிக்கக் கெளுத்திகள். உடலெங்கும் கவசம் போன்ற தகடுகள் உண்டு. உறிஞ்சும் வாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். இவற்றில் பல இனங்கள் உள்ளன. மலிவாகக் கிடைக்கும் பெரிய இனம் 40 சென்ரிமீற்றர் வரை வளரக்கூடியது. அது திரும்பும்போதே செடிகள் வேரோடு பிடுங்கப்படும்.

செடியுள்ள தொட்டிக்கு ஏற்றது “மீசைப் பிளெக்கோ” என்று நாம் அழைக்கக்கூடிய அன்சிஸ்ட்ரஸ். இது 10 முதல் 15 சென்ரிமீற்றருடன் நின்றுவிடும். வளர்ந்த ஆணின் முகத்தில் தும்பு போன்ற மீசைகள் முளைக்கும். பெண்ணுக்கு அவை சிறியவை, அல்லது இல்லை.

குஞ்சாக இருக்கும்போது வேறுபாட்டை அறிவது எப்படி? முதுகுச் செட்டையைப் பாருங்கள். பாய்மரம் போல அகன்று, பத்துக்கு மேற்பட்ட கதிர்கள் இருந்தால் அது பெரிய இனம். மீசைப் பிளெக்கோவில் எட்டு அளவிலேயே இருக்கும். வயிறு ஒட்டிய, கண் குழிந்த மீனை விலை குறைவென்று வாங்காதீர்கள்.

தொட்டியும் நீரும்

இரண்டரை அடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரமான தொட்டி ஏறத்தாழ 88 லீற்றர் கொள்ளும். இதில் ஒரு மீசைப் பிளெக்கோ போதும். இரண்டு ஆண்களை விட்டால் இடத்துக்காகச் சண்டையிடும். சுண்ணாம்புத் தன்மையுள்ள கிணற்று நீரையும் இது பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். கிணற்றுக்குக் குளோரின் இட்டிருந்தால், நீரை வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த பின்னரே ஊற்றுங்கள். புதிதாக அமைத்த தொட்டியில் உடனே விடாமல் சில வாரங்கள் பொறுத்திருங்கள்.

உள்ளே நன்கு ஊறிய மரக்கட்டை ஒன்றும், பகலில் ஒளிந்திருக்க உடைந்த மண்சட்டியோ மூங்கில் துண்டோ வேண்டும். இது இரவில் மேயும் மீன்.

“கழிவைத் தின்று வாழும்” என்பது தவறான எண்ணம். பிளெக்கோ மலத்தைத் தின்பதில்லை. தானும் நிறையக் கழிவை வெளியேற்றும். எனவே வாரம் ஒருமுறை காற்பங்கு நீரை மாற்றும் வேலை நம்முடையதே. அந்த நீரைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஊற்றலாம். பாசி குறைந்ததும் வெள்ளரிக்காய், பூசணி, அவித்த கீரை ஆகியவற்றில் ஒரு துண்டை இரவில் இட்டு, காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். பசியிருந்தால்தான் இது அகன்ற, மென்மையான இலைகளைச் சுரண்டும். எமது நாட்டுக்கே உரிய கிரிப்டோகோரைன் வென்டி போன்ற செடிகளை நன்கு வேரூன்றவிட்டால் பெரிதாகப் பாதிப்பு வராது.

குளத்தில் விடாதீர்கள்

பெரிய இனத்தை அறியாமல் வாங்கியவர்கள், அது தொட்டியை நிறைத்ததும் இரக்கப்பட்டு வாய்க்காலிலோ குளத்திலோ விடுகிறார்கள். இந்த இரக்கம் ஊருக்கே கேடாகும். இம்மீன் இனப்பெருக்கத்துக்காகக் கரையில் ஒரு மீற்றர் அளவு ஆழத்துக்கும் வளை தோண்டும். குளக்கட்டு இளகினால் என்னவாகும் என்று விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதன் முட்கள் வலைகளையும் கிழிக்கும். மெக்சிக்கோவின் இன்பியர்நில்லோ நீர்த்தேக்கத்தில், திலாப்பியா பிடித்து வாழ்ந்த மீனவரின் வலைகளை 2000ஆம் ஆண்டுகளில் இம்மீன்களே நிறைத்தன.

இலங்கையிலும் இது புகுந்துவிட்டது. மகாவலியின் பொல்கொல்ல நீர்த்தேக்கத்தில் இது பெருகியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். அங்கிருந்து திருப்பப்படும் நீரே வரண்ட வலயக் குளங்கள் பலவற்றுக்கும் போகிறது.

ஆகவே வளர்க்க முடியாத மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். அல்லது பெரிய சீமெந்துத் தொட்டி உள்ளவரிடம் ஒப்படையுங்கள். எங்கே குடியிருந்தாலும் குளத்து நீரை நம்பி விதைக்கும் மக்கள் நாம். பிள்ளைகளின் தொட்டிக்கு ஒரு மீன் வாங்கும்போதும் அந்தக் குளத்தை நினைத்துக்கொள்வோம்.