செய்தவர் யார்? மரவாத்து கற்பிக்கும் பாடம்

பாலாற்று நீரைத் தேக்கி நிற்கும் பேத்தமங்கலம் ஏரி, கோலார் தங்கவயல் மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் தந்த ஏரியாகும். பனிக்காலம் தொடங்கியதும் தென்னிந்திய ஏரிகளை நாடி வடதிசையிலிருந்து வாத்துக் கூட்டங்கள் வருவது ஆண்டுதோறும் காணும் காட்சி. அவற்றுள் ஊசிவால் வாத்து என்பது மெலிந்த கழுத்தும் ஊசிபோல் நீண்ட வாலும் கொண்ட அழகிய பறவை. ஆசியாவில் மட்டுமன்றி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாழும் இனம் அது.

அந்த ஊசிவால் வாத்தின் மர உருவம் ஒன்று, 2007ஆம் ஆண்டு அமெரிக்காவில் பதினொரு இலட்சத்து முப்பதாயிரம் டாலருக்கு விலைபோயிற்று. பொன்னோ மணியோ பதிக்கப்படாத வெறும் மரம் அது. வேட்டைக்காரர் ஒருவர் பயன்படுத்துவதற்காகச் செதுக்கி வண்ணம் பூசப்பட்டது. அதைச் செய்தவர் எல்மர் குரோவெல் என்று ஐயமின்றி அறியப்பட்டிருந்ததே அவ்விலைக்கு முதற்காரணம். அதே மரம், அதே வடிவம், ஆனால் செய்தவர் பெயர் தெரியாது என்றால், மதிப்பு மிகச் சிறு பங்காகக் குறைந்துவிடும்.

ஒரு பழம்பொருளைச் செய்தவர் யார் என்று எவ்வாறு கண்டறிகின்றனர்? நம் வீட்டுப் பரண்களிலும் பெட்டிகளிலும் உறங்கும் பொருட்களுக்கும் அந்த அறிவு பயன்படும் என்பதால், அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

பார்வை என்னும் பழஞ்சொல்

வானில் பறக்கும் வாத்துகள், நீரில் தம் இனம் அமைதியாக மிதப்பதைக் கண்டால் அங்கு அச்சமில்லை என்று நம்பி இறங்கும். இவ்வியல்பை அறிந்த வேடர்கள் பொய்வாத்துகளை மிதக்கவிட்டு, மறைவில் காத்திருப்பர். ஆங்கிலத்தில் டெக்காய் எனப்படும் இதற்குத் தமிழில் ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள சொல் உண்டு. விலங்கையோ பறவையையோ பிடிப்பதற்காகப் பழக்கி வைக்கப்படும் அதன் இனத்தைச் சங்கப் புலவர்கள் 'பார்வை' என்றனர். புறநானூற்றின் 320ஆம் பாடலில் வேட்டுவன் ஒருவன் களைத்து உறங்க, அவன் முற்றத்தில் உள்ள பார்வை மானோடு காட்டு மான் ஒன்று வந்து விளையாடுகிறது. அந்த இன்பம் கெடுமே என்று அஞ்சி, அவன் மனைவி ஓசைப்படாமல் இருக்கிறாள்.

நம் நாட்டில் பெரும்பாலும் உயிருள்ள பார்வைகளே பயன்பட்டன. ஏரிகளில் மண்பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் மெல்ல நடந்து, வாத்தின் காலைப் பற்றி இழுக்கும் முறையும் இருந்ததாகப் பழைய வேட்டை நூல்கள் கூறும். வட அமெரிக்காவிலோ செயற்கைப் பார்வையே தொன்மையானது. நெவாடா மாநிலத்தின் லவ்லாக் குகையில் 1924இல் கோரைப்புல்லால் செய்த 11 பார்வை வாத்துகள் கிடைத்தன. அவை ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையானவை. பின்னர் குடியேறிய வெள்ளையர் அந்த எண்ணத்தை மரத்தில் வடித்தனர். மீனவர், படகு கட்டுவோர், கலங்கரை விளக்கக் காவலர் எனப் பலரும் ஓய்வு நேரங்களில் மரவாத்து செதுக்கினர். மேரிலாந்து மாநிலத்தின் கிரிஸ்ஃபீல்டு நகரில் லெம் வார்டு, ஸ்டீவ் வார்டு என்னும் சகோதரர் இருவர் முடிதிருத்தும் தொழிலுக்கிடையே இதனைச் செய்து பெரும்புகழ் பெற்றனர்.

இவர்களுள் பெரும்பாலோர் தம்மைக் கலைஞராகக் கருதவில்லை. செய்தது வேட்டைக் கருவி. உடைந்தால் அடுப்புக்கு விறகு. எனவே பலர் தம் பெயரைப் பொறிக்கவில்லை. 1918இல் வந்த வலசைப் பறவைகள் சட்டம் வாத்துகளைச் சுட்டுச் சந்தையில் விற்கும் தொழிலுக்கு முற்றுப்புள்ளி வைத்தபின், ஆயிரக்கணக்கான மரவாத்துகள் கொட்டகைகளில் கேட்பாரற்றுக் கிடந்தன. கட்டடக் கலைஞரான ஜோயல் பார்பர் அவற்றைத் தேடித் திரட்டி, 1934இல் அவை குறித்து நூல் எழுதினார். செய்தவர் யார் என்ற கேள்வி அதன்பின்னரே வலுப்பெற்றது.

அடிப்பாகத்தில் உள்ள பெயர்

மரவாத்து கையில் கிடைத்தால் எவரும் முதலில் அதைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்ப்பர். குரோவெல் முதலில் நீள்வட்ட முத்திரையையும் பின்னாளில் செவ்வக முத்திரையையும் சூடு வைத்துப் பதித்தார். எந்த முத்திரை என்பதே காலத்தையும் ஓரளவு சொல்லிவிடும்.

ஆனால் முதல் ஏமாற்றமும் இங்கேதான் காத்திருக்கிறது. அடியில் காணும் எழுத்துகள் பலவும் செய்தவருடையவை அல்ல, உடையவருடையவை. பலருடைய வாத்துகள் ஒரே நீரில் மிதக்கையில், தம்முடையதை அடையாளம் காண உரிமையாளர்களும் வேட்டைச் சங்கங்களும் தம் முதலெழுத்துகளைச் சூடு வைத்துப் பொறித்தனர். நமக்கு இது புதிதன்று. சீர்வரிசையாக வந்த பித்தளை அண்டாவிலும் வெண்கலக் குண்டானிலும் பெயர் வெட்டியிருக்கும். அது பாட்டியின் பெயராகவோ கொடுத்தவரின் பெயராகவோ இருக்குமேயன்றி, பாத்திரத்தை வார்த்த கன்னாரின் பெயராக இராது.

கையின் பழக்கம்

பெயர் இல்லாதபோது கை பேசும். ஒருவர் உளி பிடிக்கும் முறை அவரது கையெழுத்தைப் போன்றது. அலகில் மூக்குத்துளையை எவ்வாறு வெட்டினார், மேலலகும் கீழலகும் பிரியும் கோட்டைச் செதுக்கினாரா, வண்ணத்தால் மட்டும் காட்டினாரா, கன்னத்தின் வளைவு எவ்வாறு கழுத்தில் இறங்குகிறது, வால் எந்த உயரத்தில் முடிகிறது என்பனவெல்லாம் ஒரே கைக்குரிய பழக்கமாகத் திரும்பத் திரும்ப வரும். உறுதியாக இன்னார் செய்தது என்று தெரிந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே அடிப்படை முறை.

அடுத்தது கட்டுமானம். நியூ ஜெர்சியின் பார்னகட் விரிகுடாப் பகுதியில் தேவதாரு மரத்தை இரு பாதிகளாகக் குடைந்து ஒட்டினர். இலேசாக இருந்தால்தான் சிறு படகில் பல வாத்துகளைக் கொண்டுசெல்ல இயலும். செசபீக் விரிகுடாவின் அலைகளில் கனம் தேவைப்பட்டதால் அங்கு முழுமரத்தில் செய்தனர். மெய்ன் மாநிலத்துக் கைவினைஞர் சிலர் கழுத்தை உடலில் பள்ளம் வெட்டிப் பதித்தனர். எனவே மரமும் குடைவும் முதலில் ஊரைச் சொல்லும். அதன்பின் அலகும் கண்ணும் ஆளைச் சொல்லும்.

வாத்து கவிழாமல் இருக்க அடியில் பொருத்திய ஈய எடையும், கயிறு கட்டும் வளையமும்கூடச் சான்றுகளே. ஆயினும் எடை கழன்று விழுந்தால் உரிமையாளர் வேறொன்றைப் பொருத்தியிருக்கக்கூடும். ஆகவே ஒற்றைச் சான்றை நம்பி முடிவுக்கு வருவது தவறு.

தொழிற்சாலைப் பொருளையும் பிரித்தறிதல் வேண்டும். டெட்ராய்ட் நகரின் மேசன் நிறுவனம் 1896 முதல் 1924 வரை கடைசல் இயந்திரத்தில் உடலைக் கடைந்து, கையால் வண்ணம் தீட்டி, பல தரங்களில் விற்றது. ஒரே அளவில் அச்சு வார்த்தாற்போன்ற உடல்களே அவற்றின் அடையாளம்.

வண்ணமே சாட்சி

இவை அனைத்தினும் மேலாக மதிக்கப்படுவது முதலில் பூசிய வண்ணம். ஈரம் காயுமுன் சீப்பால் கீறி இறகுக் கோடுகள் காட்டினாரா, தூரிகையின் நுனியால் ஒற்றினாரா என்பது செய்தவரை நேரே காட்டிக்கொடுக்கும். புற ஊதாக் கதிர் விளக்கின் கீழ்ப் பிற்காலப் பூச்சு வேறு ஒளியில் தெரியும். எக்ஸ்-ரே படத்தில் உள்ளே அடித்த ஆணி, குடைவு, ஒட்டிய கழுத்து யாவும் வெளிப்படும்.

பழைய மரவாத்துக்குச் செய்யக்கூடிய பெரும்தீங்கு அதனைப் 'புதுப்பிப்பதே' ஆகும். நல்லெண்ணத்தோடு உப்புத்தாள் தேய்த்து வார்னிஷ் பூசிய ஒருவர், அரைமணி நேரத்தில் செய்தவரின் கையை அழித்துவிடுகிறார். அழிந்த சாட்சியை எந்த நிபுணராலும் மீட்க இயலாது.

தங்கவயலின் பரண்கள்

1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் பொறுப்பேற்றபின் கோலார் தங்கவயல் வளர்ந்தது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் சுரங்க லைன்களில் குடியேறின. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. பூமிக்கடியில் இறங்கியவரோடு தச்சரும் கொல்லரும் பொருத்துநரும் அங்கு உழைத்தனர். அவர்கள் கைபட்ட தொட்டிலும் முக்காலியும் பூசை மாடமும் இன்றும் சில வீடுகளில் இருக்கலாம். பிழைப்பைத் தேடிப் பிள்ளைகள் பெங்களூருக்கு நாளும் ரயிலேறும் ஊரில், வீடு மாறும்போதெல்லாம் இத்தகைய பொருட்கள் எடைக்குப் போகின்றன.

தங்கம் விளைந்த மண்ணில் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். இன்று வாங்கும் நகையில் ஹால்மார்க் முத்திரையோடு ஆறு இலக்க அடையாளக் குறியீடும் உண்டு. அதைக் கொண்டு விற்ற கடையையும் சோதித்த நிலையத்தையும் அறியலாம். ஆயினும் அந்த நகையை வடித்த பொற்கொல்லர் யார் என்பதை அக்குறியீடும் சொல்வதில்லை. அவர் பெயரை நாமே கேட்டு எழுதி வைத்தால்தான் உண்டு.

ஆகவே வாசகர்கள் சிலவற்றைக் கைக்கொள்ளலாம். பழைய மரப்பொருளை மென்மையான உலர்ந்த துணியால் துடைப்பதோடு நிறுத்துக. முன்புறம், பின்புறம், அடிப்பாகம் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்து வைக்கவும். யார் செய்தது, எந்த ஆண்டு, எவர் வழியாக வந்தது என்று வீட்டு முதியோரைக் கேட்டு, சொன்னவர் பெயரோடும் தேதியோடும் எழுதி, அத்தாளைப் பொருளோடு வைக்கவும். பொருளின் மீது எழுதவோ ஒட்டவோ வேண்டா.

சட்டத்தையும் அறிந்திருத்தல் நலம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி, 100 ஆண்டுக்குக் குறையாத கலைப்பொருள் தொல்பொருளாகக் கருதப்படும். குறிப்பிட்ட வகைகளைப் பதிவு செய்தல் வேண்டும். விற்பனைத் தொழில் செய்ய உரிமம் தேவை. தனியார் அதனை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய இயலாது. அதே 1972இல் வந்த வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நம் ஏரிகளுக்கு வரும் வாத்துகளையும் காத்து வருகிறது.

சிறிய விலைமதிப்புள்ள பொருளை வங்கிப் பெட்டகத்தில் வைப்போர் ஒன்றை நினைவில் கொள்ளல் வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பது வங்கிக்குத் தெரியாது. வங்கி அதற்குக் காப்பீடும் செய்வதில்லை. தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு நேர்ந்தால், 2022 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு ஆகும். எனவே படங்களும் மதிப்பீட்டுச் சான்றும் பெட்டகத்துக்கு வெளியே ஒரு படியாக இருத்தல் நன்று.

குரோவெல் 1952இல் மறைந்தார். தம் வாத்து ஒன்று பத்து இலட்சம் டாலரைத் தாண்டும் என்று அவர் கனவிலும் கருதியிருக்க மாட்டார். ஆனால் முத்திரை பதித்தார். வாங்கியவர்கள் நினைவில் வைத்தார்கள். பின்வந்தோர் எழுதி வைத்தார்கள். நம் வீட்டுத் தொட்டிலைச் செய்த தச்சருக்கு முத்திரை இல்லை. அவர் பெயர் அறிந்த பெரியவர் ஒருவர் இன்னும் நம்மிடையே இருப்பாராயின், இந்த ஞாயிற்றுக்கிழமையே அவரிடம் கேட்டு எழுதிவிடுவோம்.