மற்களம் காணாத ஆசான்

ஆமூர் மல்லனைப் பொருது வீழ்த்திய போரவைக் கோப்பெருநற்கிள்ளியைச் சாத்தந்தையார் பாடிய பாட்டுக்கள் புறநானூற்றில் உள்ளன. வென்றவனை அறிகிறோம், தோற்றவனின் ஊரையும் அறிகிறோம். அந்த இளவலுக்கு மற்கலை பயிற்றியவர் யாரென அப்பாட்டுக்கள் கூறவில்லை. கல்விக்கூடங்களின் விளையாட்டு வரலாறும் பெரும்பாலும் இப்படியே எழுதப்படுகிறது. கேடயங்களில் வீரர் பெயர்கள் மின்னும்; அவர்களை உருவாக்கியவரின் பெயரைத் தேடித்தான் காணவேண்டும்.

இதற்கு விலக்காக, மற்போர் ஆசான் ஒருவரின் பெயரே பேரரங்கின் பெயராய் நிலைத்துவிட்ட கல்லூரி ஒன்றைப் பற்றி இங்கு எழுத விரும்புகிறேன். ஐக்கிய அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில், ஸ்டில்வாட்டர் என்னும் ஊரில் 1890ஆம் ஆண்டு நிறுவப்பட்ட விவசாய, இயந்திரவியற் கல்லூரியே அது. இன்று அது ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது. ஆசானின் பெயர் எட்வேட் கல்லகர்.

கல்லகர் அதே கல்லூரியின் மாணவர். உதைபந்தாட்டத்தின் அமெரிக்க வகையிலும் ஓட்டத்திலும் புகழ்பெற்றவர். 1909இல் பொறியியற் பட்டம் பெற்றவர். ஆனால், மற்போர்க் களத்தில் இறங்கிப் போட்டியிட்டவரல்லர். அத்தகையவர் 1916இல் அக்கல்லூரியின் மற்போர்ப் பயிற்சியை ஏற்றார். தான் செய்து பழகாத ஒன்றைப் பிறருக்கு எப்படிக் கற்பிப்பது? ஆசிரியத் தொழிலில் இருப்போர் எல்லோரையும் என்றாவது ஒருநாள் உறுத்தும் கேள்வி இது. கல்லகரிடம் என் மனம் ஈடுபட்டதற்கும் இதுவே காரணம்.

அவர் தாம் அறிந்ததிலிருந்தே தொடங்கினார். பொறியியல் மாணவர் நெம்புகோலை அறிவார், பொறுதியை அறிவார், பாரம் எங்கே தாங்கப்படுகிறது, எங்கே சரிகிறது என்பதை அறிவார். மனித உடலையும் அவர் அந்தக் கண்ணோடு நோக்கினார். முழங்கையும் முழங்காலும் இடுப்பும் அவருக்கு நெம்புகோல்களாகத் தோன்றின. ஒவ்வொரு பிடியையும் பகுத்து ஆராய்ந்து, வலிமை குறைந்தவன் வலிமை மிக்கவனை எந்தக் கோணத்தில் நிலைகுலையச் செய்யலாம் என்று கண்டு, அதனைப் பயிற்சியாக்கினார். பின்னர் அவற்றை நூல்வடிவிலும் தந்தார்.

அக்காலப் போட்டி விதியும் இம்முறைக்கு இடந்தந்தது. எதிரியின் இரு தோள்களையும் தரையில் பதியவைத்தால் முழு வெற்றி. அது கைகூடாதபோது, யார் கூடுதலான நேரம் மற்றவரைத் தம் பிடிக்குள் அடக்கி வைத்திருந்தார் என்று கணித்தே பெரும்பாலும் தீர்ப்பு வழங்கினர். முரட்டுப் பலம் சில நொடிகளில் தளர்ந்துவிடும். சரியான இடத்தில் வைத்த பாரமோ நெடுநேரம் நிலைக்கும்.

விளைவை எண்களே சொல்லட்டும். கல்லகரின் காலத்தில் கல்லூரிகளுக்கிடையே நிகழ்ந்த அணிப் போட்டிகளில் 138 வெற்றிகள், 5 தோல்விகள், 4 சமநிலைகள். தேசியக் கல்லூரி மற்போர்ப் போட்டி 1928இல் தொடங்கியது. அவ்வாண்டு முதல் 1940 வரை நிகழ்ந்த 13 போட்டிகளில் 11இல் அவருடைய அணியே முதலிடம் பெற்றது.

அவரிடம் வந்த இளைஞர்களுட் பலர் சிற்றூர்ப் பிள்ளைகள். பெரி என்ற ஊரிலிருந்து வந்த ஜாக் வான்பெபர் 1929, 1930, 1931 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தேசியக் கல்லூரிச் சம்பியனானார். அடுத்த ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தங்கப்பதக்கம் வென்றார். இறுதிப் போட்டி நாளில் வாகனம் கிடைக்காது நெடுந்தூரம் நடந்தார் என்றும், வழியில் ஒருவர் இரங்கித் தம் காரில் ஏற்றிச் சென்றார் என்றும் அவரைப் பற்றி இன்றும் கூறுவர். அதே ஒலிம்பிக்கில் குஷிங் ஊரின் பொபி பியர்ஸ் மற்றொரு தங்கம் பெற்றார். 1936இல் பெர்லினில் பிராங்க் லூயிஸ் தங்கமும் ரொஸ் பிளட் வெள்ளியும் பெற்றனர். நால்வரும் கல்லகரின் மாணவர்கள்.

புகழுரைக்கும்போது உண்மையை மறைத்தல் தகாது. அந்தப் பயிற்சிக்கூடத்தின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. நிறவேற்றுமை சட்டமாயிருந்த அம்மாநிலத்தில், இக்கல்லூரி 1949இல்தான் கறுப்பினத்தைச் சேர்ந்த முதல் மாணவியை ஏற்றது. அதுவரை, ஒக்லஹோமாவின் கறுப்பினப் பிள்ளை எவ்வளவு வலியவனாயினும் இவ்வணிக்குள் வர வழியிருக்கவில்லை. பெண்களின் காத்திருப்பு இதனினும் நீண்டது. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்கள் மற்போரைத் தன் தேசியப் போட்டி வரிசையிற் சேர்க்கத் தீர்மானித்தது 2025இலேயே. வாய்ப்புப் பெற்றவரைப் போற்றும் நாம், வாசலில் நிறுத்தப்பட்டவரையும் நினைத்தல் வேண்டும். ஆசானின் திறமை இதனாற் குறையாது. அவர் வாழ்ந்த காலத்தின் குறை மட்டும் தெளிவாகத் தெரியும்.

கல்லகரின் பிற்கால வாழ்வு நெஞ்சை உருக்குவது. உடலின் சமநிலையை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவரை நடுக்குவாதம் பற்றியது. பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர் கூறுவது இதனையே. எனினும் அவர் பயிற்சிக்கூடத்தைவிட்டு விலகவில்லை. கல்லூரி புதிய விளையாட்டரங்கு ஒன்றைக் கட்டி, அவர் பெயரையே அதற்குச் சூட்டியது. 1939ஆம் ஆண்டு பெப்ரவரியில், இந்தியானா அணியுடனான மற்போர்ப் போட்டியோடு அரங்கின் திறப்பு விழா நிகழ்ந்தது. வாழும்போதே அந்தப் பெருமையைக் காணும் பேறு அவருக்குக் கிட்டியது. மறு ஆண்டு, 1940இல் அவர் மறைந்தார். கூடைப்பந்தாட்டப் பயிற்சியாளர் ஹென்றி ஐபாவின் பெயர் 1987இல் அரங்கின் பெயரோடு சேர்க்கப்பட்டபோதும், கல்லகரின் பெயர் முன்னே நிலைபெற்றது.

ஆயினும், அரங்கத்தினும் பெரிய நினைவுச்சின்னம் ஒன்றுண்டு. அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஆர்ட் கிரிபித், டல்சா நகர உயர்தரப் பாடசாலையொன்றில் மற்போர் பயிற்றியவர். அவர் மேலும் எட்டுத் தேசிய வெற்றிகளைத் தேடித்தந்தார். ஆசான் மறைந்ததும் அணியும் மறையவில்லை. தனிமனிதரின் கைவண்ணமாக மட்டும் இருந்திருந்தால் அந்தக் கலை அவரோடு போயிருக்கும். காரணங்காட்டிக் கற்பித்தமையால் அது மற்றவர் கைக்கு மாறக்கூடியதாயிற்று.

எந்தக் கல்லூரியும் தன் பழைய வீரர்களை அழைத்து மாலையிடலாம். அது நல்ல மரபே. அத்துடன், அவர்களுக்கு முதன்முதற் பயிற்சியளித்தவர் எதைக் கற்பித்தார், எப்படிக் கற்பித்தார் என்பதையும் ஏட்டில் எழுதிவைத்தால், நாளை அதே பொறுப்பை ஏற்கவிருக்கும் ஓர் இளம் ஆசிரியருக்கு அது பயன்படும். மற்களம் காணாத ஒருவர் மல்லர்களை உருவாக்கிய கதை அவருக்குத் துணிவையும் கொடுக்கும்.